துக்க நகையும் நினைவு நகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரு பழைய ஆங்கிலேய புரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை, இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய நீள்வட்டம். முன்பக்கம் கறுப்பு எனாமல். விளிம்பைச் சுற்றி ‘இன் மெமரி ஆஃப்’ என்று தங்க எழுத்துகள். நடுவில் பாதியாக அறுத்துப் பதித்த ஒற்றை முத்து. திருப்பினால் சின்னக் கண்ணாடிச் சாளரம். அதற்குள் பழுப்பு முடிக்கற்றை ஒன்றும் நரைத்த கற்றை ஒன்றும் சேர்த்துத் தங்க இழையால் கட்டப்பட்டிருக்கின்றன. கீழே 1863 என்ற ஆண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளும், இந்த நகைகளின் பின்னாலேயே பல ஆண்டுகள் அலைந்ததில் நான் தெரிந்துகொண்ட பதில்களும் இவை.

துக்க நகை என்றால் என்ன? நினைவு நகையும் அதுவும் ஒன்றா?

இறந்தவரின் பெயரால் செய்து அணிவது துக்க நகை. உயிரோடு இருப்பவர்களுக்கிடையே அன்பைச் சொல்ல, பிரிவைத் தாங்க, பிள்ளை பிறந்ததைக் கொண்டாடச் செய்வது நினைவு நகை. விற்பவர்கள் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்திருப்பார்கள். பல சமயம் பிரித்துச் சொல்லவும் முடியாது.

விக்டோரியா மகாராணியிடம் ஒரு தங்கக் கைச்சங்கிலி இருந்தது. 1840-இல் மூத்த மகள் பிறந்தபோது கணவர் ஆல்பர்ட் கொடுத்தது. அதில் சிறிய எனாமல் இதயங்கள் தொங்கும்; பிள்ளைக்கு ஒரு நிறம். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் ஓர் இதயம் சேர்ந்து மொத்தம் 9 ஆயிற்று. ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தப் பிள்ளையின் முடி. செய்தபோது அது மகிழ்ச்சியின் நகை. அந்த 9 பேரில் 3 பேர் தாய்க்கு முன்பே இறந்துபோனார்கள். நகை மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. காதலிக்கும்போது வாங்கிக்கொண்ட முடிக்கற்றையை வைத்து, அவர் இறந்த பிறகு பின்பக்கத்தில் ஒரு தேதியை மட்டும் பொறித்துக்கொண்டவர்களும் ஏராளம். பழைய நகை ஒன்று கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். முன்பக்கம் ஊருக்கு. பின்பக்கம் அணிந்தவருக்கு, அவருடைய தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மண்டை ஓடு பொறித்த மோதிரங்கள் பரவலாக இருந்தன. ‘நீயும் ஒருநாள் சாவாய் என்பதை மறவாதே’ என்பது அவற்றின் செய்தி. குறிப்பிட்ட ஒருவருக்காக அழுத மோதிரங்கள் அல்ல அவை. அணிந்தவருக்கே அறிவுரை சொன்னவை.

அதே காலத்தில், இறக்கும்போது நண்பர்களுக்கு மோதிரம் விட்டுச்செல்லும் பழக்கமும் வளர்ந்தது. 1616-இல் இறந்த ஷேக்ஸ்பியர் தம் உயிலில் ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் என்ற மூன்று சக நடிகர்களுக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதிவைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து அவருடைய நாடகங்களைத் திரட்டிப் பெரும் தொகுப்பாக அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களில் இருவர், ஹெமிங்ஸும் காண்டெலும். அந்த வேலை நடந்தபோது அவர்கள் விரலில் அந்த மோதிரங்கள் இருந்திருக்கும் என்றுதான் நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

1649 ஜனவரி 30 அன்று இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. மன்னர் பக்கம் நின்றவர்கள் அவருடைய சிறிய உருவப்படத்தையும் முடியையும் படிகக் கல்லுக்கு அடியில் வைத்து மோதிரமாகவும் பதக்கமாகவும் அணிந்தார்கள். மன்னராட்சியே ஒழிந்துவிட்ட நாட்டில் அது ஆபத்தான விசுவாசம். அதனால் சில மோதிரங்களில் படம் மூடிக்குள் ஒளிந்திருந்தது. பொதுவான மரணத்தை நினைவூட்டிய நகை, ‘இந்த மனிதர்’ என்று ஒருவரைச் சுட்டத் தொடங்கியதில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1703-இல் இறந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்கள் வழங்கப்பட்டன. அவற்றிலும் விலைவாரியாக வரிசை இருந்தது. நெருங்கியவர்களுக்கு விலை கூடியது, மற்றவர்களுக்குக் குறைந்தது. சாவு வீட்டிலும் அந்தஸ்துக் கணக்கு போகாது போலும்.

பெயரும் தேதியும் எழுதிய எனாமல் மோதிரங்கள் எந்தக் காலத்தவை?

18-ஆம் நூற்றாண்டு. மோதிரத்தின் வளையத்தையே சுருள் சுருளாக மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் பெயர், இறந்த நாள், வயது என்று எனாமல் பின்னணியில் எழுத்துகளைத் தங்கத்தில் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் கறுப்பு எனாமல் மணமானவருக்கு, வெள்ளை எனாமல் மணமாகாதவருக்கும் குழந்தைகளுக்கும். வெள்ளை மோதிரம் ஒன்றைக் கையில் வாங்கி வயதைத் தேடும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கும். ஒற்றை இலக்கம் எத்தனையோ முறை வந்திருக்கிறது.

1770-க்குப் பிறகு கிரேக்க, ரோமானியக் கலையின் மீது ஐரோப்பாவுக்கு மோகம் வந்தது. மண்டை ஓடு மறைந்தது. படகு வடிவிலோ நீள்வட்டத்திலோ தந்தத் தகட்டில் வரைந்த குட்டி ஓவியங்கள் வந்தன: வெள்ளாடைப் பெண் ஒருத்தி, சாம்பல் தாழியின் மீது சாய்ந்து அழுகிறாள், மேலே கிளை தொங்கும் வில்லோ மரம். நம்ப முடியாத ஒரு நுணுக்கம் இதில் உண்டு. சில ஓவியங்களில் இறந்தவரின் முடியைப் பொடியாக அரைத்துப் பழுப்புச் சாயத்தோடு கலந்து வரைந்திருக்கிறார்கள். அந்த வில்லோ இலைகளே அவருடைய உடலின் ஒரு பகுதி.

1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இறந்தபோது, லண்டன் நகைக்காரர் ஜான் சால்டர் அவருடைய உறவினருக்கும் நண்பர்களுக்கும் 58 மோதிரங்கள் செய்துகொடுத்தார். கறுப்பு எனாமலில் இரண்டு மகுடங்கள், அவற்றுக்குக் கீழே நெல்சனின் இரு பட்டங்களின் முதல் எழுத்துகள், அடியில் போரின் பெயர்.

இந்த நகைகளில் உள்ள சின்னங்களுக்கு என்ன பொருள்?

பெரும்பாலான சின்னங்கள் பார்த்தவுடனே புரியும். உடைந்த தூண் என்றால் பாதியில் முறிந்த வாழ்வு. மொட்டிலேயே ஒடிந்த ரோஜா என்றால் குழந்தை. அறுத்த கோதுமைக் கட்டு, முதிர்ந்து விளைந்து அறுவடையான ஆயுள். நங்கூரம் நம்பிக்கை, கிறிஸ்தவர்களுக்கு மறுமையில் மீண்டும் சந்திப்போம் என்ற நம்பிக்கை. ஐவிக்கொடி பற்றியதை விடாது. ஆகவே அது விசுவாசம்.

பாம்பைக் கண்டு பலர் திடுக்கிடுகிறார்கள். தன் வாலைத் தானே கவ்விய பாம்புக்கு அங்கே முடிவின்மை என்று பொருள். விஷமும் வஞ்சகமும் அந்த வளையத்தில் இல்லை. விக்டோரியாவின் நிச்சயதார்த்த மோதிரமே மரகதம் பதித்த பாம்பு வடிவம்தான். ‘என்றென்றும்’ என்று காதலுக்குச் சொன்ன அதே பாம்பைத் துக்கத்துக்கும் பயன்படுத்தினார்கள். முடிக்கற்றையைச் சுற்றி வளைத்த பொன் பாம்பை நீங்கள் பல புரூச்களில் காணலாம்.

சிறிய நீலப் பூக்கள் ‘மறவாதே என்னை’ என்ற பொருளுடைய பெயர் கொண்டவை. டர்க்காய்ஸ் என்ற வெளிர்நீலக் கற்களை இதழ் இதழாகப் பதித்து அவற்றைச் செய்தார்கள். பான்சி மலர் ஒரு சொல் விளையாட்டு: பிரெஞ்சில் ‘பான்சே’ என்றால் நினைவு, எண்ணம்.

முத்து, கண்ணீர். குழந்தைக்கும் கன்னிப் பெண்ணுக்கும் செய்த துக்க நகையில் முத்து மிகுதி. அன்று உலகத்துக்கு முத்து தந்த கடல்களில் நம் மன்னார் வளைகுடாவும் ஒன்று. முத்துக்குளிப்போர் மூச்சடக்கி அள்ளிவந்த சிப்பிகளிலிருந்து எத்தனை முத்து அங்கே போய்க் கண்ணீராகப் பதிந்ததோ என்று என் புரூச்சைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

முடியை எதற்காக நகையில் வைத்தார்கள்? நமக்கு அருவருப்பாக இருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழர் இல்லை. கேட்பது நியாயமும்கூட. உடலை விட்டு விழுந்த முடி நமக்குத் தீட்டு. சோற்றில் ஒரு முடி கிடந்தால் இலையையே ஒதுக்கிவிடுகிறோம். சாவு என்றால் நம் வழக்கத்தில் நகை கழற்றப்படும். கணவனை இழந்தவளின் தாலியும் பூவும் எடுக்கப்பட்ட கொடுமையை நம் பாட்டிகளின் காலம் கண்டது. ஆங்கிலேயருடைய ஊரில் அதே துக்கம் ஒரு நகையைக் கேட்டது. இரண்டு சமூகங்களும் விதவையின் உடலின் மீதுதான் துக்கத்தை எழுதின என்பதையும் மறக்கக் கூடாது. அங்கேயும் ஆண்களுக்கு விதிகள் மிகத் தளர்வு.

முடிக்கு அவர்கள் சென்றதற்கு எளிய காரணம், அது அழியாது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன முடி, நீரும் பூச்சியும் படாமல் மூடிவைத்தால் நூற்றாண்டுகளுக்கு நிறம்கூட மாறாமல் இருக்கும். புகைப்படம் சாதாரண மக்களுக்கு எட்டுவதற்கு முந்தைய உலகத்தை எண்ணிப் பாருங்கள். மகள் இறந்துவிட்டாள். அவள் முகம் மெல்ல மங்குகிறது. ஓவியரை அமர்த்திப் படம் வரைந்து வைக்க வசதியில்லை. அவளிடமிருந்து மிஞ்சக்கூடியது, மாறாதது, தொடக்கூடியது அந்த ஒரு கற்றைதான். இப்படி எண்ணத் தொடங்கியதும் என்னுடைய அருவருப்பு போய்விட்டது.

செய்யும் முறையில் இரண்டு வகை. ஒன்று, முடியைத் தட்டையாகப் பசையில் ஒட்டி, வெட்டி, சுருட்டி, இறகுகள் போலவும் மலர் போலவும் கண்ணாடிக்கு அடியில் அமைப்பது. மற்றது மேசைப் பின்னல். நடுவில் துளையுள்ள வட்ட மேசை. முடியைச் சோடா கலந்த வெந்நீரில் அலசி எண்ணெய்ப் பசை போக்கி, நீள வாரியாகப் பிரித்து, சில இழைகளாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் நுனியிலும் எடையுள்ள சிறு குண்டு கட்டுவார்கள். குண்டுகள் மேசையின் விளிம்பில் சுற்றிலும் தொங்கும். அவற்றை முறைப்படி இடம் மாற்றி மாற்றிப் போட, நடுவில் உள்ள மெல்லிய கம்பியைச் சுற்றிப் பின்னல் வளரும். பிறகு கம்பியோடு கொதிக்கவைத்து உலர்த்தினால் வடிவம் நிலைத்துவிடும். கம்பியை உருவியெடுத்தால் உள்ளே வெற்றிடமான, லேஸ் போன்ற குழல். பொற்கொல்லர் இரு முனையிலும் தங்கக் குப்பியும் கொக்கியும் போட்டுத் தருவார். சங்கிலி, கைச்சங்கிலி, காதணி எல்லாமே இப்படிச் செய்தார்கள். கையில் எடுத்தால் எடையே தெரியாது.

கொடுத்த முடியைத்தான் நகையில் வைத்தார்கள் என்று எப்படி நம்பினார்கள்?

நம்பாதவர்களும் இருந்தார்கள். பின்னலுக்கு நீளமான, நிறைய முடி வேண்டும். கடைக்காரர் குறைவதற்கு வேறு முடியைச் சேர்க்கிறார் என்ற சந்தேகம் அன்றே ஊரில் பேச்சாக இருந்தது. அந்தப் பயமே பல பெண்களை வீட்டில் தாங்களாகவே பின்னக் கற்றுக்கொள்ள வைத்தது.

முடியின் உரிமையாளர் யார் என்பதில் மிகப் பெரிய ஏமாற்றம் இசைமேதை பேத்தோவன் விஷயத்தில் நேர்ந்தது. 1827-இல் அவர் இறந்தபோது 15 வயது இசை மாணவர் ஃபெர்டினாண்ட் ஹில்லர் வெட்டி எடுத்ததாகச் சொல்லப்பட்ட கற்றை ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் தலைமுறைகள் தாண்டிப் பாதுகாக்கப்பட்டது. 1994-இல் ஏலத்தில் விற்கப்பட்டது. அதில் ஈயம் மிகுந்திருப்பதாக ஆய்வு சொல்ல, பேத்தோவன் ஈய நஞ்சால் நோயுற்றார் என்று உலகமே பேசியது. 2023-இல் மரபணுச் சோதனை செய்தார்கள். அந்தக் கற்றை ஒரு பெண்ணுடையது. அவருடையவை என்று சோதனையில் உறுதியான வேறு கற்றைகள் ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. கல்லீரல் நோய்க்கான மரபுக் கூறுகளையும் காட்டின. யாரோ ஒரு பெண்ணின் முடியை இத்தனை ஆண்டுகள் இத்தனை பேர் பேத்தோவனாக எண்ணிப் போற்றியிருக்கிறார்கள்.

ஒற்றைக் கண் மட்டும் வரைந்த நகை எதற்கு?

இங்கிலாந்தில் 1780-களில் எழுந்து சில பத்தாண்டுகளில் ஓய்ந்த பழக்கம் இது. வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ், கத்தோலிக்க விதவையான மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டைக் காதலித்தார். அரச குடும்பத் திருமணச் சட்டப்படி மன்னரின் ஒப்புதல் இல்லாமல் மணக்க முடியாது. 1785-இல் தம் கண்ணை மட்டும் ஓவியமாக வரைவித்துக் கடிதத்தோடு அவருக்கு அனுப்பினார். அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று இருவரும் ரகசியமாக மணந்துகொண்டார்கள். சட்டத்தின் பார்வையில் அது செல்லாத திருமணம்.

முழு முகம் வரைந்தால் யாரென்று ஊர் அறிந்துவிடும். கண் மட்டும் என்றால் பழகியவருக்கு மட்டுமே அடையாளம் தெரியும். காதலுக்காகத் தொடங்கிய இந்தக் கண்கள் விரைவிலேயே துக்கத்துக்கும் வந்தன. அப்போது சுற்றிலும் முத்து பதித்தார்கள். சிலவற்றில் இமையோரம் ஒரு வைரத் துளி. ஜார்ஜ் பின்னர் மன்னராகி 1830-இல் இறந்தபோது, மரியாவின் சிறிய ஓவியத்தைக் கழுத்தில் அணிந்தபடியே அடக்கம் செய்யப்பட்டார். நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும்.

கற்களில் சொல் எழுதினார்கள் என்கிறார்களே, எப்படி?

ஆங்கிலத்தில் கற்களின் பெயர்களுடைய முதல் எழுத்துகளைக் கோத்து. ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், மீண்டும் ரூபி, டயமண்ட் என்ற வரிசையில் ஆறு கற்களைப் பதித்தால் முதல் எழுத்துகள் சேர்ந்து ‘ரிகார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லாகும். அன்பும் மதிப்பும் கலந்த சொல் அது. ‘டியரெஸ்ட்’ என்று எழுத டயமண்ட், எமரால்டு, அமெதிஸ்ட், ரூபி, எமரால்டு, சஃபையர், டோபாஸ் என ஏழு. ஒரு கல் விழுந்து வேறு கல்லைப் பதித்திருந்தால் சொல்லே எழுத்துப்பிழையாகிவிடும். அத்தகைய மோதிரங்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன. வாங்குமுன் எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள்.

விக்டோரியா மகாராணிக்கும் துக்க நகைக்கும் என்ன தொடர்பு?

அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்பே இரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. ஆனால் 1861 டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் 42 வயதில் இறந்த பிறகு, 1901-இல் தாம் இறக்கும்வரை அவர் கறுப்பை விடவே இல்லை. அரசி அழுதால் அரசவை அழ வேண்டும். அரசவையைப் பார்த்து நடுத்தர வர்க்கம் அழும்.

கணவனை இழந்தவள் கைக்கொள்ள வேண்டிய கணக்கு, நடைமுறைக் கையேடுகளில் அச்சாகியே இருந்தது. முழுத் துக்கம் ஓராண்டும் ஒரு நாளும். மினுக்கமில்லாத கிரேப் துணி. பிறகு படிப்படியாகத் தளர்ந்து, மொத்தம் சுமார் இரண்டரை ஆண்டு. கடைசிக் கட்டமான அரைத் துக்கத்தில் சாம்பல், ஊதா நிறங்களுக்கு அனுமதி. அமெதிஸ்ட் அப்போதுதான் வெளியே வரும். முழுத் துக்கத்தில் நகையே கூடாது, அணிந்தால் கறுப்பு ஜெட் மட்டும்.

விக்டோரியா தம்முடைய சவப்பெட்டிக்குள் எவையெல்லாம் வைக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். ஆல்பர்ட்டின் அங்கி, அவர் கையின் பிளாஸ்டர் வார்ப்பு, மோதிரங்கள், படங்கள். கூடவே, நெடுநாள் பணியாளர் ஜான் பிரவுனின் முடியும் படமும். அவற்றை மருத்துவர் ஜேம்ஸ் ரீட் அரசியின் இடக்கையில் வைத்து, குடும்பத்தார் கண்ணில் படாமல் பூக்களால் மறைத்தார்.

ஜெட் என்பது என்ன கல்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லே அன்று, மரம். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்த அரௌகாரியா இன மரங்கள் இறுகிப்போனவை. நிலக்கரிக்கு உறவு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பி என்ற மீனவ ஊரில் கிடைத்ததுதான் உயர்ந்தது. 1851-இல் லண்டன் உலகப் பொருட்காட்சியில் அது கண்ணில் பட்டது. ஆல்பர்ட்டின் மரணத்துக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சிற்றூரில் ஜெட் செதுக்கிப் பிழைத்தார்கள்.

தேவை பெருகியதும் மாற்றுகள் வந்தன. ‘பிரெஞ்சு ஜெட்’ என்பது வெறும் கறுப்புக் கண்ணாடி. வல்கனைட் என்பது கந்தகத்தால் கெட்டிப்படுத்திய ரப்பர். அயர்லாந்தின் சதுப்பில் புதைந்து கறுத்த ஓக் மரத்தையும் செதுக்கினார்கள். மலாய்க் காடுகளின் மரப்பாலான கட்டபர்ச்சாவும் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் வல்கனைட்தான்.

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், கனக்கும். ஜெட் இளஞ்சூடாக, பிளாஸ்டிக் போல இலேசாக இருக்கும். பளபளப்புப் பூச்சு இல்லாத பீங்கானில் மெல்ல உரசினால் ஜெட் பழுப்புக் கோடு விடும். கம்பளியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும். வல்கனைட் வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாக வெளிறியிருக்கும். விரலால் அழுத்தித் தேய்த்தால் ரப்பர் வாடை வரும். காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சோதனை முடியும்போது நகையும் முடிந்திருக்கும்.

இரும்பில்கூட துக்க நகை செய்தார்களா?

ஆம், பிரஷ்யாவில். பெர்லின் அரச வார்ப்பாலை லேஸ் போல மெல்லிய கறுப்பு இரும்பு நகைகளை வார்த்தது. 1810-இல் அரசி லூயிஸ் இறந்தபோது அது துக்க நகையாயிற்று. 1813-இல் நெப்போலியனை எதிர்த்துப் போரிடப் பணம் வேண்டும் என்று கேட்டபோது, பெண்கள் தங்கத்தைக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் வாங்கிக்கொண்டார்கள். ‘இரும்புக்குத் தங்கம் தந்தேன்’ என்று ஜெர்மன் மொழியில் அவற்றில் பொறித்திருக்கும். தங்கம் அணிந்திருப்பதே அவமானமாகிவிட்ட காலம் அது.

ஆண்கள் அணிந்தார்களா?

அணிந்தார்கள். மோதிரம், மனைவியின் முடியில் பின்னிய சட்டைப்பைக் கடியாரச் சங்கிலி, கழுத்துப்பட்டை ஊசி. 1832-இல் இறந்த தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம், தம் நிழலுருவப் படமும் முடியும் வைத்த 26 மோதிரங்களை நண்பர்களுக்காக ஏற்பாடு செய்துவைத்தார். 1905-இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது தியடோர் ரூஸ்வெல்ட் விரலில் இருந்த மோதிரத்துக்குள் ஆபிரகாம் லிங்கனின் முடி இருந்தது.

இந்த வழக்கம் ஏன் மறைந்தது?

1880-களிலேயே அலுப்புத் தட்டிவிட்டது. வெள்ளியும் வைரமும் நாகரிகமாயின. முதல் உலகப் போர் அதை முடித்துவைத்தது. பிரிட்டன் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்களை இழந்தது. ஒவ்வொரு தெருவும் இரண்டரை ஆண்டு கறுப்பு உடுத்தினால் நாடே இருண்டுபோகும். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. இறந்த வீரர்களின் உடல்களை நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அரசு முடிவு செய்தது. உடல் வராவிட்டால் முடி ஏது? தாய்மார்கள் கையில் கிடைத்தது மகனுடைய பெயர் வார்த்த வெண்கல வட்டு. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம், பெயர் மட்டும் வேறு. அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை.

பழைய நகையின் காலத்தை எப்படிக் கணிப்பது?

பிரிட்டனில் 1854-இல்தான் 9, 12, 15 காரட் தங்கத்துக்குச் சட்ட ஒப்புதல் கிடைத்தது. 15 காரட் 1932-இல் கைவிடப்பட்டது. ஆகவே 15 காரட் முத்திரை இருந்தால் இடைப்பட்ட காலம் என்று தயங்காமல் சொல்லலாம். பொறித்த தேதி இறந்த தேதி. நகை அதைவிடப் பழையதாக இருக்கலாம். ‘நினைவாக’ என்ற வாசகத்தோடு ஆயத்தமாகச் செய்து அடுக்கிவைத்த புரூச்சை வாங்கி, பெயரை மட்டும் பொறித்துக்கொள்வது விக்டோரியா காலத்தில் வழக்கம். வெற்றுச் சாளரத்தில் யாருடைய முடியையோ புதிதாக வைத்து விலையேற்றுபவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிய தங்க உதடு நெம்பப்பட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.

வீட்டில் வைத்திருந்தால் ஆகாதா? எப்படிப் பாதுகாப்பது?

ஆகாது என்று நினைப்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை. என் வீட்டில் அது சாமி அறையில் இல்லை. புத்தக அலமாரியில் இருக்கிறது. நம் ஊரில் உண்மையான ஆபத்து ஈரப்பதம். தண்ணீரில் கழுவவே கூடாது. நகைக்கடையில் இருக்கும் அதிர்வுத் தொட்டியில் போட்டால் கண்ணாடிக்குள் நீர் புகுந்து, முடியை ஒட்டிய பசை கரைந்து, எல்லாம் ஒரு கசங்கலாகிவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

தந்த ஓவியம் உள்ளதை வாங்க ஆசைப்பட்டால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் யானைத் தந்தத்தை வாங்கி விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிரிட்டனிலும் 2022 முதல் தடை இருக்கிறது. விலக்குகள் சிலவே; 1918-க்கு முந்தைய சிறு உருவப்படங்களுக்குப் பதிவு செய்தால் விலக்கு கிடைக்கும்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நகைக்கூடம், பிரிட்டிஷ் மியூசியம். ஜெட் பார்க்க விட்பிக்கே போக வேண்டும். என்னைக் கேட்டால் யார்க்‌ஷயரின் ஹாவர்த் ஊரில் ஆங்கில நாவலாசிரியர்களான பிராண்டே சகோதரிகள் வாழ்ந்த இல்லத்தைத்தான் முதலில் சொல்வேன். எமிலி 1848 டிசம்பரிலும் ஆன் 1849 மே மாதத்திலும் இறந்தார்கள். தனித்து மிஞ்சிய சார்லட், இரு தங்கைகளின் முடியில் பின்னிய, அமெதிஸ்ட் பதித்த கைச்சங்கிலி அங்கே இருக்கிறது.

இன்றும் யாராவது செய்கிறார்களா?

சுவீடனில் டாலர்னா மாகாணத்தில் வோம்ஹுஸ் என்று ஒரு கிராமம். 19-ஆம் நூற்றாண்டில் வறுமையைத் தாங்க முடியாமல் அந்த ஊர்ப் பெண்கள் முடிப்பின்னலைத் தொழிலாகக் கற்று, கூட்டம் கூட்டமாக ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கு நடந்தே கிளம்பினார்கள். போன ஊரில் வீடு வீடாகத் தட்டி, முடியை வாங்கி, அங்கேயே பின்னிக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். வாங்கியவருடைய கண்ணெதிரே பின்னியதால் கலப்படச் சந்தேகமும் எழவில்லை. அந்தக் கிராமத்தில் பின்னல் இன்றும் நின்றுவிடவில்லை. துளையுள்ள அதே வட்ட மேசை, விளிம்பில் ஆடும் அதே குண்டுகள். தலைக்கு மேலே இருந்து பார்த்தால், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தொடங்கி, யாரோ ஒருவரின் கூந்தல் கீழ்நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும்.